கொடுக்காமல் வைத்திருந்த ஐந்து உறைகள்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சுகமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஆரம்பித்திருக்கிறாய். நல்லதுதான், எல்லோரும் சுகம் என்று பொய் எழுதுகிற வேலை எனக்கு மிச்சம். மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பிட உட்கார்ந்த அத்தனை பேர் முன்னாலும், அவர் மகள் வசந்தாவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று கேட்டிருக்கிறாய். மகன் கிள்ளானில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் தோட்டத்துப் பெண் எனக்கு இளப்பமாகிவிட்டாளா என்று கேட்டிருக்கிறாய். அப்பா இல்லாத நம்மை மாமாதான் தூக்கி நிறுத்தினார் என்று எனக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறாய். நான் இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பியைப் பற்றி நீ எனக்குப் பாடம் நடத்துகிறாய். நடத்து. உன் கோபத்தைத் தணிக்க நான் இதை எழுதவில்லை. கடைசிவரை படித்தால் அது இன்னும் பல மடங்காகும், அதற்கு உனக்கு நியாயமும் இருக்கும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ நடுவில் கிழித்துப் போட்டாலும் இது உன் காதில் விழுந்திருக்க வேண்டும். உன் ரத்தத்தையும் வசந்தாவின் ரத்தத்தையும் ஈப்போ ஆஸ்பத்திரியில் கொடுத்துச் சோதிக்காமல் நீங்கள் இரண்டு பேரும் மாலை மாற்றக்கூடாது. வசந்தாவை எனக்குப் பிடிக்காது என்று யார் சொன்னது? என் கையில் பிறந்த பிள்ளை அவள். நீ அவளுக்கு எழுதும் கடிதங்கள் ஆபீஸ் மேசையில் வந்து கிடக்கும்போது உன் கையெழுத்தை அடையாளம் தெரியாதவளா நான்? எல்லாம் தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அடுத்த நிமிஷமே பயமாகவும் இருந்தது. ஏன் பயந்தேன் என்பதையும், இதை ஏன் பதினான்கு வருஷமாக ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதையும் இப்போது சொல்கிறேன்.

நம் வீட்டுக் கையை உனக்குத் தெரியும். விரல் முட்டிகளுக்கு மேலே உருண்டையாகத் தடித்திருக்கும், அழுத்தினாலும் வலிக்காது. குதிகாலுக்கு மேலே நரம்பு கயிறு மாதிரி மொத்தமாக இருக்கும். என் அப்பாவுக்கு இருந்தது, அவருடைய அக்காவுக்கு இருந்தது, எனக்கும் உன் மாமாவுக்கும் இருந்தது. லயத்து வரிசை வீடுகளில் அதற்குக் கொழுந்துக் காய்ப்பு என்று பேர். தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கை காய்த்துப் போகிறது, மலை ஏறி ஏறிக் கால் காய்த்துப் போகிறது என்று எல்லோரும் நம்பினோம். பக்கத்து வீட்டுக்காரியும் அதே மலையில்தானே கிள்ளுகிறாள், அவள் கை ஏன் வழவழவென்று இருக்கிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவள் சோம்பேறி என்று சொல்லியிருப்போம். எங்களுக்கு அதில் அவ்வளவு பெருமை. அந்தக் காலத்துக் கங்காணி கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுப் பெண்களை முதல் நிரையில் விடுவாராம். உன் அப்பாவுக்கு என்னைக் கேட்டு வந்த அன்றைக்கு, அவரைப் பெற்றவள், அதாவது என் சொந்த அத்தை, என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முட்டி முட்டியாகத் தடவினாள். "இது நம்ம வீட்டுக் கைடா. இத விட்டுட்டு வேற எங்க போயி பொண்ணு பாக்குறது?" என்றாள். அவள் மகன் கையும் அப்படியேதான் இருந்தது. ஜாதகம்கூடப் பார்க்கவில்லை. நோயைத் தடவிப் பார்த்துப் பெண் எடுத்தார்கள், நானும் வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

உன் அப்பா விழுந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு எட்டு வயசு. கொழுந்து மூட்டையைத் தூக்கி லோரியில் போட்டார், இன்னொன்றைத் தூக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயசு. டிரஸ்ஸர், அதுதான் நம் தோட்டத்து மருந்தறையில் இருந்தவர், வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். அதற்கு முந்தின மாதம் உன் அப்பா களைக்கு மருந்து அடித்திருந்தார், அந்த விஷம்தான் என்று பாதிப்பேர் சொன்னார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மீதிப்பேர் சொன்னார்கள். என் அப்பாவும் நாற்பத்திரண்டில் இதே மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, செடி வெட்டுகிற கவ்வாத்துக் காட்டில் சாய்ந்தவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எங்களில் ஒருத்தருக்கும் இல்லை. என் ராசி என்று சொன்னவர்கள் உண்டு. அதை நானும் நம்பினேன், நம்புவது சுலபமாக இருந்தது.

இனி உன் தங்கச்சி செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை அவள் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கிறேன். அவளுக்கு நாலு வயசிலேயே முழங்காலிலும் முழங்கையிலும் மஞ்சளாகக் கட்டிகள் வந்தன. விரல் சந்துகளில்கூட இருந்தன. கொழுந்தே கிள்ளாத பிள்ளைக்குக் காய்ப்பு எப்படி வரும்? அதனால் அதற்கு மரு என்று பேர் வைத்தோம். டிரஸ்ஸர் பார்த்தார். "மருதான். சுட்டுட்டா போயிரும். புள்ளைய கெட்டியா புடிச்சிக்க" என்றார். நான்தான் பிடித்தேன். ஒரு குச்சியில் மருந்தைத் தொட்டு ஒவ்வொன்றாகச் சுட்டார், அவள் என் தோளைக் கடித்தாள். பல் பதிந்த தழும்பு ஒரு வருஷம் இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். சுட்ட இடம் புண்ணாகி ஆறியது, பக்கத்திலேயே புதுசாக வந்தது. ஏழு வயசானபோது பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ரத்தம் இல்லாத பிள்ளை, சத்துக் கொடு என்றார்கள். அவளுக்காகவே வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தேன். தினம் காலையில் அரைவேக்காட்டு முட்டை, ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் கடையில் ஆட்டு ஈரல். உனக்கு முட்டை கிடையாது, நீ தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாய். உன்னை ஏமாற்றிவிட்டு அவளுக்கு ஊட்டினேன். அந்த முட்டையால் நோய் வரவில்லை, அது பிறக்கும்போதே வந்தது என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் இருந்த நெருப்புக்கு விறகு வைத்தவள் நான்தானே.

ஒன்பது வயசில் அவளைத் தானா ராத்தா டவுனுக்குக் கொண்டு போனேன், அங்கே பார்த்த டாக்டர் அவள் முழங்காலைப் பார்த்த உடனே பேனாவை வைத்துவிட்டு ஈப்போவுக்குச் சீட்டு எழுதினார். அவ்வளவு சீக்கிரம் ஒருவருக்குப் புரிந்ததை எங்கள் மருந்தறை ஐந்து வருஷமாகக் குச்சியால் சுட்டுக்கொண்டிருந்தது. ஈப்போ என்றால் நமக்கு என்னவென்று உனக்குத் தெரியும். லீவுக்கு ஆபீஸ் கிராணியிடம் போய் நிற்க வேண்டும். "மறுபடியும் லீவா? ஈப்போவுல படம் பாக்கப் போறியா லா?" என்பார். அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். விடியற்காலையில் கொழுந்து லோரியில் தொற்றி ரிங்லெட், அங்கிருந்து தாப்பா வரைக்கும் வளைவுகள், செல்வி வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள், அப்புறம் இன்னொரு பஸ். போய்ச் சேரும்போது சீட்டு எல்லாம் கொடுத்து முடித்திருப்பார்கள். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி என்பது ஒரு கட்டடம், எங்களுக்கு அது ஒரு பிரயாணம். நான் இதையெல்லாம் சொல்லி என் தப்பை மறைக்கப் பார்க்கவில்லை. தோட்டம் செய்தது தோட்டத்தின் கணக்கில் இருக்கட்டும், நான் செய்தது தனியாக இருக்கிறது.

அங்கே ஒரு சீன டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. செல்வியின் ரத்தத்தை எடுத்தார், என் ரத்தத்தையும் எடுத்தார். அடுத்த தடவை போனபோது என் கையைத் திருப்பி இந்த முட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதைப் பெருமையில்லாமல் தொட்ட முதல் ஆள் அவர்தான். மலாயில் பேசினார், எனக்குப் பாதி புரிந்தது, தமிழ் நர்ஸ் ஒருத்தி மீதியைச் சொன்னாள். "ரத்தத்துல கொழுப்பு மா. தின்னு வந்த கொழுப்பு இல்ல, குடும்பத்துல வர்றது. ஒங்களுக்குப் பாதி இருக்கு, ஒங்க வீட்டுக்காரருக்கும் பாதி இருந்திருக்கு. புள்ளைக்கு ரெண்டு பாதியும் சேந்து முழுசா வந்துருச்சு." இந்தக் கட்டிகள் எல்லாம் அந்தக் கொழுப்பாம். கையில் இருப்பது போல நெஞ்சுக்குள் ரத்தக் குழாயிலும் இருக்குமாம். அப்போதுதான் என் அப்பாவும் உன் அப்பாவும் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றார்கள். டாக்டரம்மா நாலு விரலைக் காட்டினார். பாதி இருக்கிற இரண்டு பேர் கட்டிக்கொண்டால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இப்படி ஆகலாம் என்றார். உறவில் கட்டினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன், கை பார்த்துக் கட்டினார்கள் என்று சொல்லவில்லை.

பிறகு அவர் உட்கார்ந்து கடிதம் எழுதினார். எங்கள் ரத்தத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே பேர் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை குத்தினார். ஐந்து உறைகள். உன் மாமா ஆறுமுகத்துக்கு ஒன்று, உன் சித்திக்கு ஒன்று, உன் பெரியப்பாவுக்கு ஒன்று, உன் அப்பாவின் தங்கைக்கு ஒன்று, உனக்கு ஒன்று. "இத காட்டுனா போதும், எந்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயும் ரத்தம் பாப்பாங்க. பாதி இருக்கறவங்களுக்கு இப்பவே மருந்து குடுத்தா ரொம்ப நாளு இருக்கலாம் மா. கட்டாயம் குடுத்துருங்க" என்றாள் நர்ஸ். டாக்டரம்மா அதைக் கேட்டு இரண்டு தடவை தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பஸ்ஸில் வரும்போது கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

ரிங்லெட்டில் இறங்கினால் உன் மாமா நிற்கிறான். கையில் ஒரு சீப்பு பழம், முகமெல்லாம் பல். "அக்கா, மாப்ள வீட்டுல சரின்னுட்டாங்க! வர்ற தை மாசம் வச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க லா!" என்றான். உன் சித்திக்குக் கல்யாணம். எங்கள் அப்பா அம்மா போனபிறகு அவளை ஒரு இடத்தில் சேர்க்க நாங்கள் இரண்டு பேரும் அலையாத அலைச்சல் இல்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று அவன் கேட்டான். "சத்து இல்லையாம். மாவு குடுத்துருக்காங்க" என்றேன். என் முதல் பொய் அது, வாயிலிருந்து அவ்வளவு வழவழப்பாக வந்தது. அவன் செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டான், என் பையையும் பிடுங்கிக்கொண்டான். லோரி விட்ட இடத்திலிருந்து லயம் வரைக்கும் மேடு முழுவதும் அவனே சுமந்தான். அந்தப் பைக்குள்ளேதான் அவன் பேர் எழுதிய உறை இருந்தது. நான் பின்னாலேயே வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த நாளில் லயத்தில் தோலில் கட்டி வந்து, அது குடும்பத்தில் தொடர்ந்து வருகிறது என்று ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்தால் ஜனங்கள் அதற்கு ஒரே ஒரு பேர்தான் வைப்பார்கள். பெருவியாதி. எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் ஐந்தாம் நம்பர் வீட்டுக்காரரைக் குஷ்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அவர் பெண்டாட்டி குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். அவர்கள் வீட்டுப் பெண் முப்பது வயசு வரைக்கும் அப்படியே நின்றது. நானும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தவள்தான், அதனால் எனக்கு எங்கள் சனத்தை நன்றாகத் தெரியும். கொழுப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள், காய்ந்த ரொட்டியும் சம்பலும் தின்கிற கூலிக்காரனுக்குக் கொழுப்பா என்பார்கள். தங்கச்சி கழுத்தில் தாலி ஏறட்டும், மறுநாள் கொடுத்துவிடலாம் என்று உறைகளை பிஸ்கட் டின்னில் போட்டுப் பரண்மேல் வைத்தேன். தாலி ஏறியது. முதல் பிள்ளை பிறக்கட்டும் என்றேன். பிறந்தது. அடுத்த வருஷம் உன் பெரியப்பா குடியுரிமை கிடைக்காத சிவப்பு அடையாளக் கார்டோடு போராடிப் பார்த்துவிட்டு ஊருக்கே போகிறேன் என்று கப்பல் ஏறினார். அவர் பெட்டி கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்தேன், அவர் உறையை அதற்குள் வைக்கவில்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது.

செல்விக்குக் கொடுத்த மருந்து ஒரு பொடி. சின்னச் சின்னப் பொட்டலமாக இருக்கும், தண்ணீரில் கலக்கினால் கரையாது, மணல் மாதிரி பல்லில் நறநறவென்று இருக்கும். நாளைக்கு நாலு தடவை. வயிறு கல்லாகிவிடும், அழுவாள். "மண்ணு திங்கிற மாதிரி இருக்கு மா. வேணாம் மா" என்பாள். முட்டை, ஈரல், தேங்காய்ப்பால் எல்லாம் நிறுத்தினேன். அவளுக்குப் பிடித்ததை எல்லாம் பிடுங்கிக்கொண்டு மணலைக் கொடுத்தேன், காரணமும் சொல்லவில்லை. மழைக் காலத்தில் தாப்பா ரோட்டில் மண் சரிந்தால் பொட்டலம் வராது. வந்ததை அவள் ஒழுங்காகக் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கோழிக் கூட்டுக்குப் பின்னால் பார்க்கிறேன், இத்தனை மாதப் பொடியும் நனைந்து கட்டி கட்டியாகக் கிடக்கிறது, கோழிகள் கொத்திக்கொண்டிருக்கின்றன. ஈப்போவுக்கு அலைந்தது, கிராணியிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது எல்லாம் தலைக்கேறியது. விளக்குமாற்றால் அடித்தேன். ஓடக்கூட அவளுக்கு மூச்சு இல்லை, நின்று வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் ஒரு காலையில், பள்ளிக்கூடம் போகப் படியில் உட்கார்ந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கத்தில் சாய்ந்தாள். ஒரு கால் சப்பாத்தோடு, ஒரு கால் இல்லாமல். பதினொரு வயசு. நீ உள்ளே சட்டை போட்டுக்கொண்டு, "செல்வி, நேரமாச்சு வா" என்று கத்திக்கொண்டிருந்தாய். அந்தப் பொடி முழுவதையும் குடித்திருந்தாலும் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, முழுசாக வந்தவர்களுக்கு அது பத்தாது என்று போன மாதம் ஈப்போவில் சொன்னார்கள். அப்படியானால் நான் எதற்கு அடித்தேன்?

நிமோனியா என்று ஊருக்குச் சொன்னேன். மலைக் குளிர், யாரும் சந்தேகப்படவில்லை. அதற்கப்புறம் நான் ஈப்போவுக்குப் போகவில்லை. எனக்கென்று கொடுத்த மருந்தையும் விட்டேன். நான் செத்தால் நல்லது என்று நினைத்தேன், எனக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் ஐம்பது வயசு வந்துவிட்டது. ஆனால் உன் மாமாவின் உறையைக் கொடுக்காமல் இருந்ததற்கு இதையெல்லாம் காரணம் சொல்ல முடியாது. செல்வி போனபிறகு கொடுத்தால், இவ்வளவு நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பானே என்பது ஒன்றுதான் காரணம். மானத்துக்குப் பயந்து வைத்தேன், அப்புறம் வைத்திருந்ததற்குப் பயந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வருஷமும் கொடுப்பது முந்தின வருஷத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. பொங்கலுக்குப் பொங்கல் அவன் வீட்டுக்கு வந்து, "அக்கா, ஒங்கையால நெய் ஊத்து" என்று தட்டை நீட்டுவான். ஊற்றினேன் அய்யா. பதினான்கு பொங்கலுக்கும் ஊற்றினேன்.

அவன் விழுந்தது காலை பத்து மணிக்கு, கவ்வாத்துக் காட்டில், என் அப்பா விழுந்த அதே பக்கத்தில். நாற்பத்தொரு வயசு. நான் மேல் நிரையிலிருந்து ஓடி வந்தபோது கத்தி இன்னும் கையில் இருந்தது. விரலைப் பிரித்துக் கத்தியை எடுத்தவள் நான்தான், அந்த முட்டிகள் என் உள்ளங்கையில் உருண்டன. எனக்கு அழுகை வரவில்லை. கூடப்பிறந்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்நெஞ்சக்காரி என்று லயமே பேசியது. உனக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும், அதையும் உன் கடிதத்தில் சாடையாக எழுதியிருக்கிறாய்.

பதினாறாம் நாள் மாமா பெண்டாட்டி, உன் அத்தை, அந்தப் பாவி மகள், அழுதுகொண்டே வசந்தாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து என் கைக்குள் வைத்தாள். "அவுக இருந்தா அவுகளே கேட்டிருப்பாக. ஒங்க மவனுக்குத்தான் இவ. வேற எவனுக்கு உரிமை இருக்கு, அண்ணி?" என்றாள். சுற்றி இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் கைக்குள் அந்தப் பிள்ளையின் கை. குனிந்து பார்க்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு முந்தின வாரம்தான் குழாயடியில், "அத்தை, சிலிப்பர் வார் பின்னால கடிக்குது, குதிகா மேல தடிச்சிப் போச்சி. கொழுந்துக் காய்ப்பு எனக்கும் வந்துருச்சு போல" என்று சிரித்துக்கொண்டே காட்டினாள். என் அத்தை அன்றைக்கு என் கையை மடியில் வைத்துத் தடவிய மாதிரியே நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "முடியாது" என்று சொன்னது என் வாய்தான். ஏன் என்று கேட்டார்கள். சொல்லத் தைரியம் இல்லை, கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு கோழைத்தனம்.

அதற்கு அடுத்த வாரம் டின்னைப் பரணிலிருந்து இறக்கினேன். முதலில் உன் சித்தி வீட்டுக்கு நானே நேராகப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உறையை நீட்டினேன். அவள் பேரைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள். "அண்ணன் செத்தப்புறம் கொண்டாந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்றாள். ஆனால் போய் ரத்தம் கொடுத்தாள். அவளுக்கு இல்லை. சுத்தமாக இருக்கிறதாம். அந்தச் சந்தோஷத்தைக்கூட என்னிடம் சொல்லவில்லை, அவள் மாப்பிள்ளை வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. உன் அப்பாவின் தங்கைக்கு ஜொகூர் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினேன், பதில் இல்லை. நானும் ஈப்போவுக்குப் போனேன். அந்த டாக்டரம்மா இப்போது அங்கே இல்லை, வேறு டாக்டர். வெளிநாட்டில் புதுசாக ஒரு மாத்திரை வந்திருக்கிறதாம், பாதி இருக்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கிறதாம், இங்கேயும் வரும் என்கிறார். எங்கள் மருந்தறைக்கு அது வருவதற்குள் என்னென்ன ஆகுமோ. அதுவரைக்கும் அந்த மணல் பொடிதான். நான் இப்போது அதைக் குடிக்கிறேன். செல்வி சொன்னது சரி, மண் தின்கிற மாதிரிதான் இருக்கிறது.

போன தீபாவளிக்கு நீ வந்தபோது பலகாரத் தட்டை வாங்க என் முன்னால் கையை நீட்டினாய். இப்போது இந்தக் கடிதத்தைப் பிடித்திருக்கும் உன் வலது கையைத் திருப்பிப் பார். நடுவிரல் முட்டி. அதற்குப் பக்கத்து விரல் முட்டி. நீ ஒரு நாள்கூடக் கொழுந்து கிள்ளினவன் இல்லை, அந்தக் கூடையே உன் முதுகில் ஏறக்கூடாது என்றுதான் உன்னைப் படிக்க வைத்தேன். அப்புறம் எப்படி வந்தது காய்ப்பு? தட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கும் உன்னிடம் சொல்லவில்லை. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் உன் மாமா செத்தான், அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை, கேட்டால் கொடுக்க வேண்டிய பாரம் உனக்கு. சொல்வதை மட்டும் செய். இரண்டு பேரும் போய் ரத்தம் கொடுங்கள். இரண்டில் ஒருவருக்கு இல்லை என்றாலும் போதும், தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு நானே உன் அத்தை வாசலில் போய் நிற்கிறேன், அவள் என்னைக் காறித் துப்பினாலும் நிற்கிறேன். இரண்டு பேருக்கும் இருந்தால் அந்த நாலு விரலை நினைத்துக்கொண்டு நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். கட்டிக்கொள்வதும் கொள்ளாததும், பிள்ளை பெறுவதும் பெறாததும் உங்கள் பாடு, அதில் நான் வாயைத் திறக்கமாட்டேன். எதுவானாலும் மருந்தை விடாதே, அவளையும் விட விடாதே. உன் அப்பாவும் நானும் தெரியாமல் செய்தோம். நீங்கள் தெரிந்து செய்யுங்கள்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு உறைகளை வைத்திருக்கிறேன். இரண்டையும் நான் பிரிக்கவில்லை, ஓரம் மட்டும் கரப்பான் அரித்திருக்கிறது. ஒன்றில் உன் பேர் இருக்கிறது. இன்னொன்றில் ஆறுமுகம் என்று எழுதியிருக்கிறது, அது இனி வசந்தாவுக்குச் சேர வேண்டியது. அவள் இங்கே நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள், நானே கொடுத்திருக்கலாம். மூன்று தடவை அதை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் வாசல் வரைக்கும் போனேன். அத்தனை பேச்சுக்கப்புறமும் அந்தப் பிள்ளை, "வாங்க அத்தை, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். மூன்று தடவையும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீ வந்து அவள் கையில் கொடு. இது எப்போது எழுதியது என்று கேட்பாள், அவளுக்கு ஆறு வயசாக இருந்தபோது என்று சொல். அப்போதே அப்பாவுக்குக் கிடைத்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாரா என்று கேட்பாள், இருந்திருக்கலாம் என்று சொல். இவ்வளவு நாள் யாரிடம் இருந்தது என்று கேட்பாள். அப்போது என்னைக் காப்பாற்றாதே.

அம்மா